மூங்கிலில் நிலம் போடலாமா?

வீடு கட்டப் புறப்படுவோர் கூரையைப் பற்றி ஒரு மாதம் பேசுவர். வாசற்கதவைப் பற்றி இரண்டு மாதம் பேசுவர். தரையைப் பற்றிய பேச்சோ கையிலுள்ள பணம் கரைந்த பின்னரே எழும். கோண்டாவிலில் எமது உறவினர் கட்டும் மாடிவீட்டிலும் அதுவே நிகழ்ந்தது. சுவர்ப்பூச்சு முடிந்து, "நிலத்துக்கு என்ன போடுவது?" என்று மேசன்மார் கேட்டு நின்ற வேளையில், மூங்கில் தரையே போடவேண்டுமென்று ரொறன்ரோவிலிருந்து மூத்த மகன் அறிவித்துவிட்டான். வீட்டிலே 82 வயதான பெரியம்மா ஒருவர் உளர். "மூங்கிலிலை ஏணி கட்டலாம், கூடை பின்னலாம். நிலமும் போடலாமோ, தம்பி?" என்று அவர் என்னைக் கேட்டார்.

கேட்கவேண்டிய கேள்விதான். மூங்கில் மரமன்று, புல்லினத்தைச் சேர்ந்தது. பேராதனைப் பூந்தோட்டத்திலே வானளாவி நிற்கும் இராட்சத மூங்கிலைக் கண்ட மாணவர்களுக்கு, அது நெல்லுக்கும் அறுகுக்கும் உறவென்றால் நம்புதல் அரிது. ஆயினும் தரைப்பலகைக்கு உதவுவது அம்மூங்கிலன்று. சீனாவிலே, செஜியாங் மாகாணத்து அன்ஜி போன்ற மலைப்பகுதிகளில் வளரும் 'மோசோ' என்னும் இனமே பெரும்பாலும் இதற்குப் பயன்படுகிறது. அதன் முளை ஏறத்தாழ இரண்டு மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடும். பின்னர் அது உயர்வதுமில்லை, பருப்பதுமில்லை. நார் முதிர்ந்து இறுகுவது மட்டுமே நிகழும். அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். வெட்டிய பின்னும் நிலத்தடித் தண்டிலிருந்து புதுமுளை கிளம்பும். தேக்கும் முதிரையும் பலகைக்கு ஆகப் பல பத்தாண்டுகள் செல்லுமாதலால், காட்டை அழிக்காத தரையென்று மூங்கிலைப் புகழ்வதில் நியாயமுண்டு.

உட்குழலான தண்டு பலகையாவது எங்ஙனம்? நெடுக்கே கீறிச் சிம்புகளாக்கி, வெளித்தோலையும் உள்ளிருக்கும் மென்பகுதியையும் சீவி நீக்குவர். பின்னர் நீரிலிட்டு அவிப்பர். மூங்கிலிலுள்ள மாப்பொருளும் வெல்லமும் இதனாற் குறையும். அவை மிகுந்திருப்பின் சிறுவண்டு துளைத்து, பழைய ஏணி உளுத்துப்போவது போலத் தரையும் உளுத்துப்போகும். உலர்ந்த சிம்புகளைப் பசையிட்டு அழுத்திப் பலகையாக்குவது ஒரு முறை. நார்நாராக நசுக்கி, பசையில் தோய்த்து, பேரழுத்தத்தில் இறுக்குவது மற்றொரு முறை. பின்னதை நாரழுத்தப் பலகை எனலாம்.

இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு சிறிதன்று. அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள உருக்குக் குண்டைப் பலகையினுள் பாதிவரை அமுக்க எத்தனை இறாத்தல் விசை வேண்டுமென்று அளப்பது ஜான்கா சோதனை. சிவப்பு ஓக் மரம் 1,290 இறாத்தல் தாங்கும். தேக்கு 1,000 இறாத்தல் அளவில் நிற்கும். சிம்பு ஒட்டிய வெளிர்நிற மூங்கில் ஓக்கை ஒத்தது. நாரழுத்தப் பலகையோ 3,000 இறாத்தலையும் எட்டுகிறது. ஆனால் வெல்லப்பாகு நிறத்தில் கண்ணைக் கவரும் சிம்புப் பலகையிடம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். மூங்கிலை நீராவியில் வாட்டிப் பெறும் நிறம் அது. அவ்வாறு வாட்டும்போது வலிமை குறைகிறது. நிறம் பார்த்து வாங்கியவர் வீட்டில் நாற்காலிக்கால் பதிந்த தழும்பு விரைவில் தெரியும்.

பசையைப் பற்றியும் விசாரித்தல் நன்று. இவற்றுட் பலவற்றில் போமல்டிகைட்டுச் சேர்ந்த பசையே உண்டு. அவ்வாயுவைப் புற்றுநோய் விளைப்பதென உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. அஞ்சி ஓடவேண்டியதில்லை, ஐரோப்பாவின் 'ஈ1' தரத்துக்கோ அதற்கும் மேலான தரத்துக்கோ அமைந்ததா என்று கேட்டு, சான்றைப் பார்த்த பின்னரே பணம் கொடுக்கவேண்டும். சாளரத்தை நாள்முழுதும் திறந்துவைக்கும் நம் வழக்கமும் இங்கு உதவும்.

இனி நீருக்கு வருவோம். ரொறன்ரோவிலே தரையைத் தும்புத்தடியாற் கூட்டி, ஈரத்துணியால் ஒற்றுவார்கள். நம்மவர் செய்வது அதுவா? வெள்ளிக்கிழமை வந்தால் வாளி வாளியாக ஊற்றிக் கழுவினாலன்றி மனம் ஆறாது. கிணற்றடியிலிருந்து ஈரக்காலுடன் நேரே அடுக்களைக்கு வருவோம். மூங்கிற் பலகைக்கு இவை யாவும் பகை. காற்றின் ஈரத்துக்கே அது அசையும்: ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும், சோளகக் காற்றில் சுருங்கும். ஆதலின் போடுமுன் மூன்று நாளேனும் அவ்வறையிலேயே பலகையைக் கிடத்திப் பழக்கவேண்டும். சுவரோரம் 10 மில்லிமீற்றர் இடைவெளி விடவேண்டும். நிலத்தின் ஈரம் கீழிருந்து ஏறாதபடி கனத்த பொலித்தீன் விரிக்கவேண்டும். கறையான் வரும் வீட்டிற் கீழ்த்தளத்துக்கு மூங்கிலும் மரமும் ஒன்றுதான், இரண்டும் ஆகா. 2016 மே மாதத்திலே களனி கங்கை பெருகிக் கொலன்னாவை வீடுகளுட் புகுந்ததைப் போல வெள்ளம் வந்துவிட்டாலோ, சீமெந்து நிலத்தைச் சேறு வழித்துக் கழுவிவிடலாம். நாட்கணக்கில் நீரில் ஊறிய பலகையைப் பெயர்த்தெறிவதே வழி.

அப்படியாயின் 'மாபிள்' என்று நம்மவர் அழைக்கும் தரையோடு நல்லதா? பீங்கானோடு நீரை உறிஞ்சாது, கறை பிடியாது, கறையானுக்கும் அஞ்சாது. ஆனால் முகம் தெரியும்படி மினுக்கிய ஓட்டில் நாலு துளி நீர் கிடந்தாற் போதும். மூன்றாண்டுகளுக்கு முன்னர் கொழும்பிலே மகள் வீட்டில் பெரியம்மா வழுக்கி விழுந்தது அத்தகைய தரையிலேதான். இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கை. இன்றும் கைத்தடியின்றி நடவார். ஓடு வேண்டுமாயின் சொரசொரப்பானதையே குளியலறைக்கும் அடுக்களைக்கும் தேர்க. மெருகேற்றிய மூங்கிலும் நனைந்தால் வழுக்கவே செய்யும் என்பதையும் மறத்தலாகாது.

சிவப்புச் சீமெந்தை இக்காலத்தவர் ஏழையின் தரையென்று எண்ணுகின்றனர். பெரியம்மாவின் பழைய வீட்டு விறாந்தை, காங்கேசன்துறைச் சீமெந்தால் இட்டது. 1950இல் எழுந்த அத்தொழிற்சாலை 1990உடன் நின்றுபோயிற்று. விறாந்தை இன்னும் இருக்கிறது. ஒன்றிரண்டு வெடிப்பு உண்டு. மெழுகு தேய்த்து மினுக்கும் வேலையும் உண்டு. மத்தியான வெயிலில் பாயுமின்றிப் படுக்க அதைப்போல் ஒரு தரையை நான் கண்டதில்லை. ஒட்டுவிரிப்பான வைனைலைப் பற்றி நான் சொல்லக்கூடியது, அது மலிவு என்பதே.

இவற்றையெல்லாம் தொலைபேசியில் மகனுடன் ஒரு மணி நேரம் வாதித்தோம். கீழ்த்தளம் முழுவதும் சிவப்புச் சீமெந்து, குளிக்குமிடத்துக்கும் அடுக்களைக்கும் சொரசொரப்பான ஓடு, மாடியிலுள்ள இரண்டு படுக்கையறைகளுக்கு மட்டும் நாரழுத்த மூங்கில் என்று முடிவாயிற்று. கடைக்காரர் தந்த மாதிரித் துண்டொன்றைப் பெரியம்மாவின் கையிற் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தாற் கீறினார், பின் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனால் குளிர்ச்சி இல்லையே" என்றார்.

மறுநாட் காலை மேசன் சிவப்புத் தூள் வாங்கச் சந்திக்குப் போனார்.