சில சோதனைகளும் சரியான முடிவும்

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் 1759-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கின்னஸ் என்னும் பீர் உற்பத்திக் கம்பெனி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விஞ்ஞானப் பட்டதாரிகளைப் பணிக்கு அமர்த்தத் தொடங்கியது. அவர்களுள் ஒருவர், 1899-இல் சேர்ந்த வில்லியம் சீலி கோசெட். ஆக்ஸ்போர்டில் கணிதமும் ரசாயனமும் பயின்றவர்.

எந்தப் பார்லி ரகம் சிறந்தது என்பது கம்பெனிக்கு முக்கியமான கேள்வி. தவறான ரகத்தைத் தேர்ந்தால் நஷ்டம் ஆலையோடு நில்லாது; பயிரிடும் விவசாயியையும் சேரும். ஆனால், விளைச்சலைப் பருவத்துக்கு ஒரு முறைதான் அளக்க இயலும். அக்காலக் கணித முறைகளோ ஏராளமான அளவுகள் கிடைப்பதையே ஆதாரமாகக் கொண்டிருந்தன.

இக்குறையைக் கோசெட் 1904-இல் ஓர் அறிக்கை வாயிலாகக் கம்பெனிக்கு எடுத்துரைத்தார். 1906-இல் கம்பெனி அவரை லண்டனில் பேராசிரியர் கார்ல் பியர்சனிடம் பயில அனுப்பியது. சில அளவுகளிலிருந்தே முடிவு காணும் முறையை அவர் 1908-இல் வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதக் கம்பெனி அனுமதிக்காததால், ‘ஸ்டூடன்ட்’, அதாவது மாணவன், என்னும் புனைபெயரைக் கொண்டார்.

அம்முறையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். நான்கு இடங்களில் இரு ரகங்களை அருகருகே பயிரிடுகிறோம். புதிய ரகம் முறையே 3, 0, 4, 1 கிலோ அதிகம் தருகிறது. சராசரி 2 கிலோ. வித்தியாசங்களின் ஏற்றத்தாழ்விலிருந்து கணக்கிட்டால், இச்சராசரியின் பிழை ஏறத்தாழ 0.9 கிலோ. ஆகவே, சராசரி அப்பிழையைப் போல் 2.2 மடங்கு. அளவுகள் பல இருப்பின், வழக்கமான ‘இருபதில் ஒன்று’ என்னும் வரம்புக்கு இரு மடங்கே போதும். நான்கே இடங்களாயின் 3.2 மடங்கு வேண்டும். எனவே, புதிய ரகம் மேலானது என இன்னும் துணிந்து கூற இயலாது. சோதனையைத் தொடர வேண்டும்.

எவ்வளவு உறுதி தேவை என்பது, கிட்டக்கூடிய லாபத்தையும் சோதனைக்கு ஆகும் செலவையும் பொறுத்தது என்பது கோசெட்டின் கருத்து. ‘இன்னும் நிரூபணமாகவில்லை’ என்று ஊழியர் அச்சமின்றிக் கூறவும், அதை மேலதிகாரி பொறுமையுடன் ஏற்கவும் கூடிய ஸ்தாபனத்திலேயே சோதனைக்கு மதிப்பு உண்டு.

கிராமத்தில் மாதிரி வயல் அமைக்கும் ஊழியரும், பள்ளியில் பரிசோதனை நடத்தும் ஆசிரியரும் மூன்று விதிகளைக் கைக்கொள்ளலாம். ஒப்பிடுவனவற்றை அருகருகே வைக்க வேண்டும். சோதனையைப் பல முறை திரும்பச் செய்ய வேண்டும். சாதகமான அளவை மட்டுமன்றிப் பாதகமானதையும் குறிப்பேட்டில் தவறாது பதிய வேண்டும்.