குழந்தையின் குறைக்குத் தாய் பொறுப்பாவாளா?

மாத்தளை மாவட்டத்து எல்கடுவ, தேயிலைக் கொழுந்தின் பசுமையால் மலைச்சாரலை அழகுபடுத்தும் ஊராகும். அங்கேயாயினும் வேறெங்கேயாயினும், பிறந்த சிசுவின் முகத்தை முதலிற் கண்டு மகிழ்வது சுற்றத்தாரின் இயல்பு. ஆனால் அம்முகம் சற்றே தட்டையாகவும், கண்கள் மேனோக்கிச் சாய்ந்தும், உடல் துவண்டும் காணப்படுமாயின் மகிழ்ச்சி மறைந்து வினாக்கள் எழுகின்றன. கிரகணத்தன்று தாய் வெளியே சென்றாளா? எவருடைய சாபமோ? இவ்வினாக்கள் யாவும் பெற்றவளையே குற்றவாளியாக்குகின்றன. உண்மை யாதென ஆராய்வோம்.

நமது உடல் கலங்கள் எனப்படும் எண்ணிறந்த நுண்ணறைகளால் ஆனது. அவற்றினுள்ளே நிறமூர்த்தங்கள் என்னும் மெல்லிய இழைகள் உள்ளன. உடலமைப்பை நிர்ணயிக்கும் பரம்பரையலகுகள் அவ்விழைகளிலேயே அடங்கியுள்ளன. மனிதருக்கு இவை 46 என்பது 1956ஆம் ஆண்டிலேதான் அறியவந்தது. தாய் வழி 23, தந்தை வழி 23. முட்டையும் விந்தும் உருவாகும்பொழுது 46 இழைகளும் சரிபாதியாகப் பிரிதல் வேண்டும். சில வேளைகளில் ஒரு சோடி பிரியாது ஒருபுறமே சென்றுவிடுகின்றது. அதனாற் கருவிலே ஓரிழை மிகுகின்றது, அல்லது குறைகின்றது. அத்தகைய கருக்களிற் பெரும்பாலானவை ஆரம்ப மாதங்களிலேயே சிதைந்துவிடும், சிலவே பிறக்கும்.

அவற்றுள் அதிகம் காணப்படுவது டவுன் சிண்ட்ரோம். இதனை 1866இல் ஆங்கில வைத்தியர் ஜோன் லாங்டன் டவுன் விவரித்தார். 21ஆம் நிறமூர்த்தம் இரண்டிற்குப் பதிலாக மூன்றாயிருப்பதே காரணமென்பதை 1959இல் பிரான்சிலே லெஜூன், கோதியே, துர்ப்பன் ஆகியோர் வெளிப்படுத்தினர். ஏறக்குறைய 700 அல்லது 800 பிறப்புகளுக்கு ஒன்று இவ்வாறு அமைகின்றது. 18ஆவது மிகுவது எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம். 13ஆவது மிகுவது பட்டாவு சிண்ட்ரோம். இவை அரியன, மிகக் கடுமையானவை. பெண்மகவுக்கு ஓர் எக்ஸ் இழை இல்லாதிருப்பது டேர்னர் சிண்ட்ரோம். ஆண்மகவுக்கு ஓர் எக்ஸ் மிகுந்திருப்பது கிளைன்பெல்ட்டர் சிண்ட்ரோம். பின்னிரண்டும் பருவ வயது வரை அறியப்படாதிருத்தலும் உண்டு.

பிரிவு பிழைப்பதேன்? பெண்ணின் முட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றிலிருக்கும்போதே தோன்றி, பல்லாண்டுகள் காத்திருக்கின்றன. ஆகவே வயது ஏற ஏறப் பிழை நேரும் வாய்ப்பும் ஏறுகின்றது. டவுன் சிண்ட்ரோம் 25 வயதுத் தாய்க்குச் சுமார் 1,200 பிறப்புகளில் ஒன்றாகவும், 35 வயதில் 350இல் ஒன்றாகவும், 40 வயதில் 100இல் ஒன்றாகவும் காணப்படுகின்றது. ஆயினும் இளந்தாய்மாருக்கும் இது நேர்வதுண்டு. உணவோ, கிரகணமோ, கொழுந்துக் கூடையின் பாரமோ இதற்குக் காரணமல்ல.

மாமன் மகளை மணந்ததனால் வந்ததென்பாரும் உளர். உறவு மணம் தலசீமியா போன்ற சில பரம்பரை நோய்களின் வாய்ப்பைப் பெருக்கக்கூடும். நிறமூர்த்த எண்ணிக்கைப் பிழைக்கு அது காரணமன்று. எனினும் டவுன் சிண்ட்ரோம் உள்ள நூற்றுவரில் மூவர் நால்வரிடம், மிகுதியான இழை வேறோர் இழையுடன் ஒட்டியிருக்கும். அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம். அவர் தந்தையாகவும் இருக்கலாம். ஆதலால் குழந்தையின் இரத்தத்தைப் பரிசோதித்து வகையை அறிதல் அடுத்த பிள்ளையின் பொருட்டும் அவசியமாகும். 1983இல் நிறுவப்பெற்ற கொழும்பு மருத்துவ பீடத்தின் மனிதப் பரம்பரையியற் பிரிவு இத்துறையிற் பணியாற்றி வருகின்றது.

பழி தேடுவதிற் கழியும் நாட்கள் குழந்தைக்கு நட்டமாகும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருதயக் குறையும் உண்டு. அது வெளிப்பார்வைக்குத் தெரியாதிருக்கலாம். ஆகவே தாய்மார் குடும்பநல மருத்துவமாதிடம் கூறித் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். இருதயம், தைரொயிட் சுரப்பி, செவி, கண் ஆகிய நான்கையும் பரிசோதிப்பித்தல் நன்று. பால் உறிஞ்சும் வலிமை குறைவாதலாற் பொறுமையுடன் சிறிது சிறிதாகப் பாலூட்டுக. நடையும் பேச்சும் தாமதித்தே வரும். பயிற்சி அளிக்க அளிக்க வரும்.

தந்தையரும் பாட்டிமாரும் தாய்க்குத் துணைநின்று வைத்தியரிடம் உடன் செல்வார்களாயின், அக்குழந்தையின் வாழ்வுக்கு நல்ல தொடக்கம் அமையும்.