ஃபியூஸ் போன இன்ஜினீயர்கள்!

"டேய், நம்ம வீட்ல மட்டும்தான்டா கரன்ட் இல்ல!"

செமஸ்டர் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி. கோவை பீளமேட்டில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் பழைய மாடி வீடு. எதிர் வீட்டில் டி.வி. ஓடுது, தெரு விளக்கு ஜொலிக்குது. எங்க வீட்டில் மட்டும் கும்மிருட்டு. ஐந்து பேரில் மூணு பேர் ட்ரிபிள் ஈ டிபார்ட்மென்ட். "போய் மெயின் போர்டைப் பாருங்கடா" என்று மெக்கானிக்கல்காரன் சொல்ல, நாங்கள் மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். தெவனின் தியரம் போடச் சொல்லுங்க, தூக்கத்தில்கூட போடுவோம். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கச் சொன்னா... ஹிஹி!

கடைசியில் ஒரு எலெக்ட்ரீஷியனைப் பிடித்தோம். எப்படி? இ.பி. கம்பத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் நம்பரைப் பார்த்து! மனுஷன் வந்தார். டெஸ்டரை வைத்தார், ஃபியூஸ் கட்டையைக் கழற்றினார், பையிலிருந்து எதையோ எடுத்துச் சுற்றினார், மாட்டினார். லைட் எரிந்தது. மொத்தம் மூணே நிமிஷம். "முந்நூறு ரூபா குடுங்க. இனி இந்த ஃபியூஸ் ஜென்மத்துக்கும் போகாது" என்றார். கைதட்டாத குறையாக அனுப்பி வைத்தோம்.

அவர் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. அந்த ஃபியூஸ் போகவே இல்லை. அதுதான் பிரச்னையே!

கருகிய வாசனை

சரியாக இரண்டு வாரம் கழித்து, ராத்திரி ரெண்டு மணி. ஒருத்தன் இண்டக்‌ஷன் அடுப்பில் மேகி போட்டுக்கொண்டிருக்கிறான். அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொருத்தன் டீக்காக கெட்டிலைச் சொருகியிருக்கிறான். பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். பார்த்தால், சுவர் போர்டிலிருந்து புகை. அதற்குக் கீழேதான் எங்களில் ஒருத்தன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். யாரோ ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணியதால் தப்பித்தோம். அந்த நேரத்தில் எல்லோருமே தூங்கியிருந்தால்? இப்போ நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

மறுநாள் காலையில் முனையில் இருக்கிற எலெக்ட்ரிக்கல் கடைக்காரரிடம் போய் நின்றோம். "அவரைக் கூப்பிடுங்க, தொழில் சுத்தம்" என்று ஒருவரை அனுப்பினார். அம்பது வயசு இருக்கும். வந்ததும் வராததுமாக மெயினை ஆஃப் செய்துவிட்டு, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி எங்கள் கையில் கொடுத்தார்.

"ஏனுங் தம்பி, இதை யாரு கட்டுனது?"

உள்ளே நூல் மாதிரி ஒற்றை ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், ஒயரிலிருந்து உரித்த செம்புக் கம்பிகளைக் கொத்தாக முறுக்கி மாட்டியிருந்தது.

"ஃபியூஸுங்கறது சாவறதுக்குன்னே போடற கம்பிங்க. லோடு ஏறுனா அது உருகி உங்களைக் காப்பாத்தோணும். இந்தக் கொத்தைப் போட்டா அது உருகாது. அதுக்குப் பதிலா செவுத்துக்குள்ள இருக்கற ஒயரு உருகும். என்ன படிக்கறீங்க?"

"ட்ரிபிள் ஈ அண்ணா..."

சிரிக்கவில்லை அவர். அதுதான் இன்னும் அசிங்கமாக இருந்தது.

ஆறு ஆம்பியர் கணக்கு

சரி, நம்ம பங்குக்கும் தப்பு இருக்கிறதா என்று கணக்குப் போட்டோம். பிளஸ் டூ ஃபிசிக்ஸ்தான். வாட்ஸை வோல்டேஜால் வகுத்தால் ஆம்பியர். நம்ம வீட்டு சப்ளை 230 வோல்ட். 2,000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு ஃபுல்லாக ஓடினால் 8.7 ஆம்பியர் இழுக்கும். 1,500 வாட்ஸ் கெட்டில் 6.5 ஆம்பியர். ரெண்டும் சேர்ந்தால் 15 ஆம்பியருக்கு மேல்! இதை நாங்கள் சொருகியிருந்தது 6 ஆம்பியர் சாக்கெட்டில். ஓர் ஆட்டோவில் ஏழு பேர் போகிற மாதிரி.

சுவரில் ரெண்டு சைஸ் சாக்கெட் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சின்னது 6 ஆம்பியர். போன் சார்ஜர், லேப்டாப், டேபிள் ஃபேன் எல்லாம் இதில் போடலாம். பெரியது 16 ஆம்பியர். ஹீட்டர், கெய்சர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் இங்கேதான் போகணும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நாலு ஓட்டை இருக்கிறது என்பதற்காக நாலு மடங்கு கரன்ட் வந்துவிடாது பாஸ்! நாலும் ஒரே ஒயர் வழியாகத்தான் குடிக்கின்றன. பெரிய பின்னைச் சின்ன சாக்கெட்டில் நுழைக்க கன்வெர்டர் பின் வாங்குவதும் அதே வம்புதான்.

பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா? சாக்கெட் ஓரம் மஞ்சளாக, கருப்பாக மாறியிருக்கிறதா? சொருகும்போது 'சட சட'வெனச் சத்தமா? உள்ளே கனெக்‌ஷன் லூஸ் என்று அர்த்தம். லூஸ் கனெக்‌ஷனில் ரெசிஸ்டன்ஸ் ஏறும், சூடு ஏறும், அப்புறம் எங்க வீட்டுக் கதைதான்.

எம்.சி.பி. இருந்தா போதுமா?

'எங்க வீட்ல ஃபியூஸ் இல்ல, எம்.சி.பி. இருக்கு. நாங்க சேஃப்!' என்று காலரைத் தூக்கிவிடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்க.

எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும். ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் என்றால் தட்டிவிடும். ஆனால் ஆளுக்கு ஷாக் அடித்தால்? மனுஷ உடம்பு வழியாகப் பாயும் கரன்ட் பெரும்பாலும் மில்லி ஆம்பியர் கணக்கில்தான் இருக்கும். ஒரு ஆளைக் கொல்ல அது போதும். ஆனால் 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது கொசுக்கடி, கண்டுக்கவே கண்டுக்காது.

அதற்குத்தான் ஆர்.சி.சி.பி. போகிற கரன்ட்டும் திரும்பி வருகிற கரன்ட்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். உங்கள் உடம்பு வழியாக மண்ணுக்குக் கசிந்தால் கணக்கு உதைக்கும் இல்லையா? வீடுகளுக்கான 30 மில்லி ஆம்பியர் வகை, அந்த அளவுக்குக் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் சப்ளையைக் கட் பண்ணிவிடும். அதில் 'டி' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே ட்ரிப் ஆகணும். ஆகலைன்னா, அது சும்மா அலங்காரத்துக்கு மாட்டியிருக்கிற டப்பா!

இன்னொரு ஹீரோ, எர்த். மூணு பின் பிளக்கில் மேலே இருக்கும் பின் மட்டும் தடிமனாக, நீளமாக இருப்பது சும்மா இல்லை. சொருகும்போது முதலில் எர்த் சேர்ந்துவிட்டு, அப்புறம்தான் கரன்ட் வரணும் என்பதற்காக. அயர்ன் பாக்ஸ் உள்ளே பேஸ் ஒயர் பாடியில் பட்டுவிட்டால், எர்த் இருந்தால் கரன்ட் அந்த வழியாக மண்ணுக்கு ஓடி ஃபியூஸைத் தட்டிவிடும். எர்த் இல்லை என்றால், அந்த இரும்பு நீங்கள் தொடுவதற்காகக் காத்திருக்கும். எங்க வீட்டில் ஒவ்வொரு சாக்கெட்டிலும் பச்சை ஒயர் அழகாக மாட்டியிருந்தது. அண்ணன் அதைத் தேடிக்கொண்டே மெயின் போர்டு வரை போனார். அங்கே அது எதோடும் சேராமல் சும்மா தொங்கியது!

நீங்களே பார்க்கலாம்

எதற்கெடுத்தாலும் ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. அண்ணனிடம் கேட்டு நோட் பண்ணியவை இவை:

* கரன்ட் போச்சா? முதலில் பக்கத்து வீட்டைப் பாருங்கள். ஏரியாவே இருட்டு என்றால் இ.பி. சமாசாரம். கம்பத்திலிருந்து மீட்டர் வரை அவர்கள் பொறுப்பு. 2021-ல் ஆரம்பித்த 'மின்னகம்' சேவை மையத்துக்கு 94987 94987-ல் புகார் சொல்லலாம். மீட்டருக்கு அப்புறம் வீட்டுக்குள் வருவதெல்லாம் நம்ம பொறுப்பு. மீட்டர் சீலில் கை வைக்கவே கூடாது.

* எம்.சி.பி. ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கிறதா? எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். நின்றால், ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதைச் சொருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. எதுவுமே சொருகாமலும் விழுந்தால் ஒயரிங்கில் கோளாறு, ஆளைக் கூப்பிடுங்கள். திரும்பத் திரும்ப ஏற்றிவிடாதீர்கள்.

* லைட் எரியலை, ஆனால் டெஸ்டரை வைத்தால் சாக்கெட்டின் ரெண்டு ஓட்டையிலும் எரிகிறதா? நியூட்ரல் கட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். 'டெஸ்டர் எரியுதே, கரன்ட் இருக்குல்ல' என்று நோண்ட வேண்டாம்.

* திடீரென ஃபேன் ஜெட் வேகத்தில் சுத்துதா, பல்பு பளீரென எரியுதா? சந்தோஷப்படாதீங்க! த்ரீ பேஸ் வருகிற கட்டடத்தில் நியூட்ரல் விட்டுப்போனால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 பக்கம்கூட ஏறலாம். உடனே மெயினை ஆஃப் பண்ணுங்கள்.

* ஃபேன் ஆமை வேகத்தில் ஓடுதா? 'காயில் போச்சு, ரீவைண்டிங் பண்ணணும்' என்று எடுத்தவுடனே சொன்னால் நம்பாதீர்கள். 'கண்டன்ஸரை மாத்திப் பாத்துட்டீங்களா அண்ணா?' என்று கேளுங்கள். பாதி நேரம் அந்தச் சின்ன டப்பாதான் வில்லன். விலையும் கம்மி.

* பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடு. ஸ்விட்சை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்கணும். 'சூடாயிடுச்சா'ன்னு விரலை விட்டுப் பார்க்கிற வீரம் வேண்டவே வேண்டாம்.

* யாருக்காவது ஷாக் அடித்துக்கொண்டிருந்தால், ஓடிப்போய் அவரைத் தொடாதீர்கள். மெயினை ஆஃப் பண்ணுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள். உடனே 108.

நல்ல ஆளைப் பிடிப்பது எப்படி?

கம்பத்து ஸ்டிக்கரில் தேடிப் பல்பு வாங்கிய அனுபவத்தில் சொல்கிறோம். பக்கத்து எலெக்ட்ரிக்கல் கடையில் கேளுங்கள். தினம் வந்து சாமான் வாங்குகிற ஆட்களில் யார் சரக்கை ஒழுங்காக வாங்குகிறார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியும். கோளாறு வருவதற்கு முன்பே நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இருட்டில் தேடினால் எங்களுக்கு வாய்த்த மாதிரிதான் வாய்ப்பார்கள்.

"அண்ணா, கம்பியாள் சர்ட்டிஃபிகேட் இருக்குங்களா?" என்று தயங்காமல் கேட்கலாம். சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் இந்தத் தகுதிச் சான்றைத் தருகிறது. நம்ம அண்ணன் பர்ஸிலிருந்து எடுத்தே காட்டினார். "கேட்டா எனக்கு ரோஷம் வராதுங்க. கேக்காம இருக்கறதுதான் தப்பு" என்றார்.

வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். கை வைப்பதற்கு முன் மெயினை ஆஃப் பண்ணுகிறாரா? என்ன கோளாறு என்று சொல்கிறாரா? கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று முன்னாலேயே பிரித்துச் சொல்கிறாரா? ஒயர் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? 'அதெல்லாம் எர்த் தேவையில்லீங்க' என்றால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஓனர் அம்மாவும் கொத்துக் கம்பியும்

கடைசி ரவுண்டு, ஓனர் அம்மாவிடம். "பசங்க கண்டதையும் சொருகுனா எரியத்தான் செய்யும். நான் எதுக்குக் காசு தரோணும்?" என்றார். பாதி நியாயம் என்பதால் எங்களால் வாய் திறக்க முடியவில்லை. அண்ணன்தான் பேசினார். "பசங்க ரெண்டு வருஷத்துல போயிருவாங்கம்மா. கீழ் வீட்டுக்கும் இதே எர்த்துதான். உங்க பேரப் புள்ள ஃப்ரிட்ஜைத் தொடுதுல்ல?"

அம்மா ஒண்ணும் சொல்லவில்லை. சாயந்திரம் பணத்தோடு வந்தார். புது எர்த், ஃபியூஸுக்குப் பதில் எம்.சி.பி., சமையல் மேடைக்கு தனி ஒயரில் ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் அவர் செலவு. ஆர்.சி.சி.பி. மட்டும் எங்கள் செலவு. 2,100 ரூபாய். ஐந்து பேர், தலைக்கு 420. ஒரு படம், ஒரு பிரியாணி கட். அவ்வளவுதான்!

அந்த வேலை முழுக்க நாங்கள் மூணு பேரும் அண்ணனுக்கு ஹெல்ப்பர். ஒயரை உரிக்கக் கற்றுக்கொண்டோம். முதலில் உரித்த மூணையும் அவர் வெட்டிப்போட்டுவிட்டு மறுபடி உரிக்கச் சொன்னார். லேபில் இன்டர்னல் மார்க் போடுகிற சார்கூட இவ்வளவு கறார் கிடையாது.

அந்தக் கொத்துக் கம்பியை நாங்கள் தூக்கிப் போடவில்லை. மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறோம். வீட்டுக்கு வருகிற ஃப்ரெண்ட்ஸ், "என்னடா இது, திருஷ்டிக்கா?" என்று கேட்கிறார்கள்.

உட்கார வைத்து முழுக் கதையையும் சொல்கிறோம். அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"உங்க ரூம் ஃபியூஸைத் திறந்து பாத்திருக்கியா மச்சி?"