வீட்டு ஜிம்: எதை நீங்களே செய்யலாம், எதைச் செய்யவே கூடாது?

சம்பளம் வர ஆரம்பிச்சதும் நம்மில் பலர் ஜிம்முக்கு ஒரு வருஷக் கட்டணத்தை மொத்தமா கட்டிடுறோம். ராஜபாளையத்துல மில் ஷிஃப்ட் பார்க்கிறவங்களுக்கும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து தினமும் பஸ் ஏறிப் போறவங்களுக்கும் சரி, சிக்கல் ஒண்ணுதான். ஷிஃப்ட் மாறினா, பஸ் லேட் ஆனா, ஜிம் விட்டுப்போகும். கட்டின காசு பெரும்பாலும் திரும்ப வராது.

அதனால முதல் 90 நாள் வீட்லயே பண்ணிப் பாருங்க. நம்ம தென்மாவட்டத்துல இளவட்டக்கல்லையும் கர்லாக்கட்டையையும் தூக்கித்தானே உடம்பை வளர்த்தாங்க? தண்டாலுக்கும் பஸ்கிக்கும் பைசா செலவில்லை. எடைக்கு மட்டும் கொஞ்சம் ஏற்பாடு வேணும்.

நீங்களே செய்யலாம்

* தண்ணி பாட்டில்: 1 லிட்டர் தண்ணி 1 கிலோ. 2 லிட்டர் பாட்டில்ல காய்ஞ்ச மணலை நிரப்பினா 3 கிலோவுக்கு மேல வரும். ரெண்டு பாட்டில் இருந்தா டம்பெல்ஸ் ரெடி.
* தண்ணி கேன்: 20 லிட்டர் கேன் நிறைய இருந்தா 20 கிலோ. பாதியில ஆரம்பிச்சு, வாரத்துக்கு 1 லிட்டர் கூட்டுங்க.
* மணல் மூட்டை: மணலைக் கனமான பிளாஸ்டிக் பையில கட்டி, அரிசிச் சாக்குக்குள்ள வைங்க. ஒரு விஷயம் கவனிங்க: அரிசியை விட மணல் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு எடை. 25 கிலோ அரிசிச் சாக்கை முழுசா நிரப்பினா இடுப்பு பிடிச்சுக்கும். கால்வாசி போதும். எடை தெரியலைன்னா மளிகைக் கடைத் தராசுல வச்சுப் பாருங்க.

காசு கொடுத்து வாங்குங்க

புல்-அப் பார், ரெசிஸ்டன்ஸ் பேண்ட். உங்க முழு எடையையோ இழுவிசையையோ தாங்குற பொருள்ல மிச்சம் பிடிக்காதீங்க. பழைய சைக்கிள் ட்யூபை இழுக்கும்போது அறுந்தா நேரா முகத்துலதான் அடிக்கும்.

செய்யவே கூடாது

பிவிசி பைப்போட ரெண்டு முனையிலும் கான்கிரீட் ஊத்தி பார்பெல் செய்ற வீடியோ நிறைய பார்த்திருப்பீங்க. 4 லிட்டர் பெயிண்ட் டப்பா அளவு கான்கிரீட்டே 9 கிலோவுக்கு மேல. ரெண்டு பக்கமும் சேர்த்தா 18 கிலோ. படுத்துக்கிட்டு நெஞ்சுக்கு மேல தூக்கும்போது பைப் உடைஞ்சா? ஃபேன் கொக்கியில தொங்குறது, பிளாஸ்டிக் சேர்ல கையூன்றி டிப்ஸ் எடுக்கிறது, ரெண்டும் வேண்டாம். ஒரு எலும்பு முறிவுச் செலவு, பல வருஷ ஜிம் கட்டணத்தை முழுங்கிடும். சம்பளம் இல்லாத லீவு தனிக்கணக்கு.

இப்போ கணக்கு

ஜிம் கட்டணம் மாசம் 1,000 ரூபாய்னு வச்சுக்குவோம். வருஷத்துக்கு 12,000. அதே 1,000 ரூபாயை 6.7 சதவீத வட்டியில தபால் ஆபீஸ் ஆர்.டி.-யில போட்டா, 5 வருஷத்துல நீங்க கட்டினது 60,000. கைக்கு வர்றது சுமார் 71,300.

இதுக்காக ஜிம்முக்கே போகாதீங்கன்னு சொல்லலை. காலண்டர்ல குறிச்சுக்கிட்டே வாங்க. 90 நாள்ல 60 நாள் செஞ்சிருந்தா, பழக்கம் வந்துடுச்சு. தாராளமா சேருங்க, அதுவும் மாசக் கட்டணத்துல. 20 நாள்கூட தாண்டலைன்னா, பிரச்சனை மெஷின்ல இல்லை. 12,000 ரூபாய் மிச்சம்னு சந்தோஷப்பட்டு, சாயங்காலம் அரை மணி நேரம் நடக்க ஆரம்பிங்க.

முதுகுவலி, பிரஷர் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டு எடை தூக்குங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!