கையெழுத்து நம்முடையது, கஜானா யாருடையது?

மும்பை: சயானில் ஏறும் நண்பர் ஒருவர் நேற்றுக் காலை மின்சார ரயிலில் என்னைக் கண்டதும் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மகள் படிக்கும் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் அவரை உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்கள்.

"சார், இதிலே கையெழுத்துப் போட்டா நமக்கு என்ன அதிகாரம்?" என்று கேட்டார்.

தாதர் வருவதற்குள் சொல்லி முடியவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுதான் இந்தக் குழுவை ஏற்படுத்தியது. உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடக்கும் விதத்தைக் கவனிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த மானியம் செலவான விதத்தைப் பார்ப்பது ஆகியவை குழுவின் வேலை. ஆனால் ஆசிரியரை நியமிக்கவோ, நிதி திரட்ட வரி போடவோ அதற்கு அதிகாரம் இல்லை. சாவி வேறிடத்தில் இருக்கிறது.

எங்கே? மும்பையில் சொத்து வரியோடு கல்விக்கென்று செஸ் வசூலாகிறது. மாநில அரசின் கல்வி செஸ் 1962-ம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. வாடகை கொடுப்பவரும் மறைமுகமாக இதைச் சுமக்கிறார். மாநகராட்சி கல்விக்கென்று தனி பட்ஜெட் போடுகிறது. கல்விக் குழுவும் உண்டு. ஆனால் அதில் பெரும்பாலோர் மாமன்ற உறுப்பினர்கள். 2022 மார்ச்சில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்காததால் 2023, 2024, 2025-ம் ஆண்டு பட்ஜெட்டுகளை நிர்வாகியே போட்டு, நிர்வாகியே ஒப்புதல் கொடுத்தார். மாமன்றம் இல்லையென்றால் கல்விக் குழுவும் இல்லை.

பள்ளிகளுக்கென்று தனி வாரியமும் தனி நிதியும் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அமெரிக்காவில் பல இடங்களில் மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியத்துக்கே சொத்து வரி விதிக்கும் உரிமை இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டு மதிப்பு உயர்ந்த பகுதியில் பள்ளிக்குப் பணம் கொழிக்கும். ஏழைப் பகுதியில் வறளும். அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் மலபார் ஹில்லுக்கு ஒரு பள்ளி, தாராவிக்கு ஒரு பள்ளி என்றாகிவிடும். ஆகவே வரியை நகரம் முழுவதற்கும் ஒன்றாக வசூலித்து, தேவைப்படி பங்கிட வேண்டும். அதைச் செலவிடும் பொறுப்பு வாரியத்திடம் இருக்க வேண்டும்.

இன்னொன்று. மாநகராட்சிப் பள்ளிகள் பல மொழிகளில் நடப்பவை. தமிழ் அதில் ஒன்று. வாரியம் என்று வந்தால் எண்ணிக்கை குறைந்தவர்களின் குரல் எடுபடாமல் போகலாம். சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் முயல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. வாரியத்தில் ஒவ்வொரு மொழிப் பெற்றோருக்கும் ஓர் இடம் கேட்பது அதனால்தான்.

இதெல்லாம் என்று வருமோ! அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. குழு தயாரிக்கும் வளர்ச்சித் திட்டமே அரசும் உள்ளாட்சியும் தரும் மானியத்துக்கு அடிப்படை என்று அதே சட்டத்தின் 22-வது பிரிவு சொல்கிறது. எத்தனை ஆசிரியர் குறைவு, எத்தனை வகுப்பறை தேவை என்பதைத் தொகையோடு எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு யாரும் "எங்களுக்குத் தெரியாதே" என்று சொல்ல முடியாது.

நண்பருக்கு நான் சொன்னதும் அதுதான்: "கையெழுத்துப் போடுங்க. ஆனா வெத்துத் தாளிலே போடாதீங்க."