செப்புக் காசின் அருமை

மேற்கு மலையடிவாரத்துச் சிவகிரி, ஒரு காலத்தில் ஜமீன் தலைநகர். இத்தகைய ஊர்களில் பழைய வீட்டைப் பிரிக்கும்போதோ, பாட்டியின் சுருக்குப்பையை உதறும்போதோ நாலைந்து செப்புக் காசுகள் உதிர்வதுண்டு. உடனே வீட்டார் மனத்தில் இலட்ச ரூபாய்க் கோட்டை எழும்பிவிடுகிறது. "பழைய காசாயிற்றே, விலை போகாமலிருக்குமா?" என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் நியாயசபையில் நில்லாது. இதை நம்பிக் கைம்முதலை இழப்போரும் இருப்பதால், விஷயத்தை விளக்குவது நம் கடமையாகிறது.

பழமை மாத்திரம் அருமையாகிவிடாது. இராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக் காசு ஆயிரம் ஆண்டுகளைக் கண்டது. ஆயினும் ஏராளமாக எஞ்சியிருப்பதால் எளிய விலைக்கே அகப்படுகிறது. சென்னை ராஜதானிக்கென்று கும்பினியார் 1808-ஆம் ஆண்டிட்டு இங்கிலாந்தில் அடித்த பத்துக்காசு, இருபதுகாசு நாணயங்களை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்டனர்' என்னும் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்து மணல்திட்டில் மோதி மூழ்கிற்று. 1980-களில் அக்காசுகளைக் குவியல் குவியலாக வெளியே எடுத்தனர். இருநூறாண்டுக் காசு இன்று சாமானியர் வாங்கும் பொருளாயிருப்பதன் காரணம் இதுவே.

அப்படியானால் அருமையை நிச்சயிப்பது எது? அடித்தவை எத்தனை, அழியாது எஞ்சியவை எத்தனை, வேண்டுவோர் எத்தனை பேர் என்னும் மூன்று கேள்விகளே. இவற்றுள் நடுக்கேள்விதான் சிறுகாசின் விதியைத் தீர்க்கிறது. பவுனையும் வெள்ளி ரூபாயையும் பெட்டியில் பூட்டினார்கள். காலணாவை யார் பூட்டினார்கள்? அது கூலியாள் மடியிலிருந்து கடைக்காரன் கல்லாவுக்கும், அங்கிருந்து மறுபடி மடிக்கும் ஓடித் தேய்ந்தது. ஆதலால் கோடிக்கணக்கில் அடித்த காசிலும் முகம் தேயாதது சிலவே மிஞ்சும்.

தேய்வினும் கொடியது உலைக்களம். காசின் மதிப்பைவிட அதிலுள்ள உலோகத்தின் விலை ஏறிவிட்டால், காசு பாத்திரமாக மாறிவிடும். யுத்தகாலத்தில், 1943-இல், செம்பை மிச்சப்படுத்தவே நடுவில் துளையிட்ட ஓட்டைக் காலணா பிறந்தது. பழைய காலணாவின் எடையில் அது பாதிகூட இல்லை. சுதந்திர இந்தியாவிலும் 1964 முதல் சிறுகாசுகள் ஒவ்வொன்றாக அலுமினியத்துக்கு மாறின. சிறு நாணயங்களை உருக்குவதையும் பதுக்குவதையும் குற்றமாக்க 1971-இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30-உடன் செலாவணியிழந்தன.

இதற்கு மாறாகப் புதுக்கோட்டை அம்மன் காசைப் பாருங்கள். அணாவில் இருபதில் ஒரு பங்கே அதன் மதிப்பு. நவராத்திரித் தானமாக ஏழைகளுக்கு வழங்கிய அக்காசை, பிரகதாம்பாளின் உருவம் இருந்தமையால் பலர் பூஜையறையில் வைத்துப் போற்றினர். சமஸ்தானம் 1948-இல் இந்தியாவுடன் இணைந்து மறைந்தது. காசோ பக்தியினால் பிழைத்தது.

இனி, எச்சரிக்கை. பழைய காசுக்கு இலட்சம் தருவதாக ஆசைகாட்டி, முன்பணமாகக் கட்டணமும் கமிஷனும் கேட்போர் ரிஸர்வ் பாங்கியின் பெயரையே உபயோகிப்பதுண்டு. தான் அத்தகைய வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை, எவரிடமும் கட்டணம் கேட்பதுமில்லை என்று அப்பாங்கி 2021-இல் பகிரங்கமாக அறிவித்தது. விற்பவனிடம் முன்பணம் கேட்கும் கொள்வோன் உலகில் எங்குமில்லை என்பதை நினைவிற் கொண்டால் போதும். மண்ணுக்கடியில் புதையலாகக் கிடைத்ததைக் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டுமென 1878-ஆம் வருஷத்துச் சட்டம் விதிக்கிறது. நூறாண்டு கடந்த நாணயத்தைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது.

கடைசியாக ஒன்று. வீட்டில் அகப்பட்ட காசைப் புளியிட்டுத் துலக்காதீர்கள். பளபளப்பு வரும், விலை போய்விடும். விலையே இல்லாவிடினும் அதை எறியவேண்டாம். மன்னர் சரித்திரத்தைக் கல்வெட்டு சொல்லும். அன்றாடங்காய்ச்சியின் சரித்திரத்தைச் சொல்ல அவன் கைபட்டுத் தேய்ந்த இக்காசையன்றி வேறு சாட்சி ஏது?