"ரொம்ப ஈஸி" என்று எழுதாதீங்க!

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு டொராண்டோவிலிருந்து அண்ணன் மகன் கூப்பிட்டான். பதினைந்து வயது. பைதான் படித்துக்கொண்டிருக்கிறான்.

"சித்தப்பா, இதுல 'ரொம்ப ஈஸி'ன்னு போட்டிருக்கு. ரெண்டு மணி நேரமா எனக்கு வரவே மாட்டேங்குது. கோடிங் எல்லாம் எனக்கு செட் ஆகாதுன்னு நினைக்கிறேன்."

ஸ்க்ரீனைக் காட்டச் சொன்னேன். பாடத்தில் 'ரிக்வெஸ்ட்ஸ்' என்ற லைப்ரரியைப் பயன்படுத்தியிருந்தார்கள். அது பைதானோடு சேர்ந்து வராது, தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். எழுதியவருடைய கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்திருக்கும்போல, அந்தப் படியையே விட்டுவிட்டார். ஒரே ஒரு கட்டளை கொடுத்ததும் புரோகிராம் ஓடியது. பையன்மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ரெண்டு மணி நேரம் தன்னையே மக்கு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

எழுதியவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் அதையே செய்தவன்தான். முதல்முறை ஒரு தளத்துக்குப் பாடம் எழுதி அனுப்பியபோது, 'சிம்ப்ளி', 'ஜஸ்ட்' என்று வந்த இடத்தையெல்லாம் அடித்துத் திருப்பி அனுப்பினார் எடிட்டர். கூடவே, எழுதுபவர்களுக்கான விதிமுறைகளைப் படிக்கச் சொல்லி ஒரு குறிப்பு. 'மாஸ்டர்ஸ் முடிச்சவனுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றாங்களா?' என்று கோபம் வந்தது. அதன் பிறகு பல தளங்களின் விதிகளைத் தேடிப் படித்தேன். கோபம் போய்விட்டது.

டிஜிட்டல் ஓஷன் தளத்தின் விதிகளில் 'ஈஸி', 'சிம்பிள்', 'ஆப்வியஸ்லி', 'ஜஸ்ட்' போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். உற்சாகப்படுத்தத்தான் அப்படி எழுதுகிறோம். ஆனால் சிக்கிக்கொண்டவருக்கு அது எரிச்சலையே தரும். பாடம் ஒரு புது சர்வரில் தொடங்க வேண்டும், நடுவில் ஒரு படியும் விடுபடக் கூடாது என்பதும் அங்கே முக்கியமான விதி. என் மெஷினில் ஓடுகிறது என்பது போதாது.

வேறு சில விதிகளும் பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும். உதாரணத்துக்கு ஒரு இணைய முகவரி வேண்டுமென்றால் வாயில் வந்ததை எழுதாமல் 'எக்ஸாம்பிள் டாட் காம்' என்றே எழுத வேண்டும். 1999-லேயே இதற்காக அந்தப் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். நாம் கற்பனையாக எழுதும் முகவரி நிஜத்தில் யாருடையதாகவோ இருக்கலாம் அல்லவா?

தேதியும் அப்படித்தான். 3/4 என்றால் அமெரிக்காவில் மார்ச் 4, லண்டனிலும் சென்னையிலும் ஏப்ரல் 3. பள்ளிக்கூட ஃபார்ம் நிரப்பும்போது நாம் எல்லோரும் ஒருமுறையாவது குழம்பியிருப்போம். அதனால் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்கிறது கூகுளின் நடைக் கையேடு. உலகம் முழுக்கப் படிப்பார்கள், ஒரு ஊருக்கு மட்டும் புரியும் சொலவடைகள் வேண்டாம் என்றும் சொல்கிறது. ஆங்கிலத்தை இரண்டாவது மொழியாகப் படித்த நமக்கு அதன் அருமை தெரியும்.

இப்போது ஏஐ இருக்கிறதே, அதையே எழுதச் சொன்னால் என்ன என்று கேட்கலாம். கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, 2022 டிசம்பரில் சாட்ஜிபிடி பதில்களுக்குத் தடை போட்டது. பார்த்தால் சரி மாதிரியே இருக்கும், ஓட்டிப் பார்த்தால் பல நேரம் தப்பாக இருக்கும் என்பதுதான் காரணம். யார் எழுதினாலும், ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புவது நம் பொறுப்பு.

இந்த விதிகள் என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டன. மகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுக்கும்போது "இது கூடவா தெரியல?" என்று கேட்பேன். இப்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். நான் எந்தப் படியை விட்டேன் என்று முதலில் பார்க்கிறேன். பெரும்பாலும் ஒன்று விட்டுத்தான் இருக்கும்.

உங்களில் யாராவது பாடம் எழுத நினைத்தால் தாராளமாக எழுதுங்கள். புதிதாகக் கற்றவருக்குத்தான் தான் தடுக்கி விழுந்த இடம் நன்றாக ஞாபகம் இருக்கும். அனுப்புவதற்கு முன் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். அவர் எந்த இடத்தில் முழிக்கிறாரோ, அங்கே ஒரு வரி குறைகிறது. அதை எழுதிவிட்டு அனுப்புங்கள்.